டிஸ்கஸ் மீன் வளர்ப்பு: தலைமன்னார்ப் பகுதிக் கமக்காரருக்கு ஆரம்ப பாடம்

முருங்கன் பகுதியில் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிப்போரும், தீவினுள்ளே கிணற்று நீரைக் கொண்டு கத்தரி, மிளகாய், வெண்டி முதலியன பயிரிடுவோரும் அண்மைக் காலத்தில் அழகு மீன் வளர்ப்பைப்பற்றி அடிக்கடி விசாரித்து வருகின்றனர். காலபோக வேலை முடிந்தபின் வீட்டிலிருந்தே செய்யத்தக்க உபதொழில் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அம்மீன்களுள் விலை மிகுந்ததும் கண்ணைக் கவர்வதுமான டிஸ்கஸ் மீனையே பலர் முதலிற் கேட்கின்றனர். விலை மிகுந்த மீன் இறந்துபடின் நட்டமும் மிகுதியாகும் ஆதலின், தொட்டியை வாங்குவதற்கு முன்னரே அறியவேண்டியவற்றை இத்துண்டுப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

நம் நாட்டில் நன்னீர் மீன் வளர்ப்புக்குப் பொறுப்பானது, 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையாகும். அழகு மீன் இனப்பெருக்கத்துக்கென ரம்படகல்ல, கினிகத்தேனை ஆகிய இடங்களில் அச்சபையின் நிலையங்கள் உள்ளன. பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னையை அடுத்த கொளத்தூரிலே பல குடும்பங்கள் வீட்டு முற்றத்திலும் மாடியிலும் தொட்டிகளை அமைத்து அழகு மீன் வளர்ப்பையே சீவனோபாயமாகக் கொண்டுள்ளன. ஆகவே இது செல்வர் வீட்டு விளையாட்டு மாத்திரமன்று. முறையறிந்து செய்வார்க்குத் தொழிலுமாகும். ஆயினும் கொளத்தூரில் இயலுவது தலைமன்னாரிலும் அவ்வாறே இயலும் என்று எண்ணிவிடலாகாது. இரண்டிற்குமிடையே வேறுபாடு நீரிலேதான் உள்ளது.

மீனின் இயல்பு

டிஸ்கஸ் மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பிரதேசம். 1840 ஆம் ஆண்டில் எக்கெல் என்னும் ஒஸ்திரிய அறிஞர் இம்மீனை விவரித்துப் பெயரிட்டார். தட்டைப்போல வட்டமாயும் பக்கங்களில் மெலிந்தும் இருத்தலின் அப்பெயர் அமைந்தது. நன்கு வளர்ந்த மீன் 15 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அளவினதாகும்; நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகள்வரையும் வாழும்.

அமேசன் காடுகளிலே விழும் மழைநீர் இலைச்சருகுகளினூடாக வடிந்து ஆற்றை அடைகின்றது. அந்நீர் தேயிலைச் சாயம்போன்ற நிறமும், சிறிது புளிப்புத் தன்மையும் உடையது; சுண்ணாம்புச் சத்து அதில் இல்லையெனலாம். அந்நீரிலே பிறந்து வளர்ந்த இனம் இது. இன்று விற்கப்படும் மீன்கள் பெரும்பாலும் செருமனி, தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகளிற் பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே வளர்க்கப்பட்ட வருக்கங்களாதலால் ஓரளவு வன்னீரையும் பொறுக்கும். அதாவது பீ.எச். பெறுமானம் 6 முதல் 7.5 வரை அவற்றுக்கு ஏற்றது. எனினும் உப்பையும் மிகுந்த சுண்ணாம்பையும் நெடுநாள் தாங்கமாட்டா.

வெப்பநிலையைப் பொறுத்தமட்டில் மன்னார்ப் பகுதி இம்மீனுக்கு மிகவும் வாய்ப்பானது. டிஸ்கஸ் விரும்புவது 28 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம். குளிர்நாடுகளில் இதற்காக ஆண்டு முழுவதும் மின்சாரம் செலவிடுகின்றனர். நமக்கோ மார்கழி, தை மாதங்களில், வாடைக்காற்று வீசும் இரவுகளில் மாத்திரமே வெப்பமாக்கி தேவைப்படும். இயற்கை நமக்கு வெப்பத்தைக் கொடுத்து மென்னீரைக் கொடாமல் விட்டது என்க.

நீர்

இவ்விடயத்தையே கமக்காரர் முதலிலும் முடிவிலும் சிந்தித்தல் வேண்டும்.

மன்னார்த் தீவு மணலும் சுண்ணக்கல்லுமான நிலம். பெய்யும் மழை மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்தது என்பதே காரணம். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலோர் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மோட்டர் வைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் பல அடி மேலெழ இடமுண்டு. ஒருமுறை உவர்த்த கிணறு நல்ல மாரிகள் சில கழிந்தாலன்றித் தேறுவதில்லை. மீன் தொட்டிக்காகக் கிணற்றை மிகையாக இறைப்பவர் தம் கத்தரிப் பாத்தியையும் அயலவர் குடிநீரையும் பணயம் வைக்கின்றார்.

கிணற்று நீர் வன்னீரா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். சவர்க்காரம் நுரை கொடாது திரியுமாயின் அது வன்னீர். நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியுமாயின் அதில் சுண்ணாம்பு மிகுதி. நாக்கிற் கரிப்புத் தட்டுமாயின் அந்நீர் டிஸ்கஸ் மீனுக்கு எவ்விதத்திலும் ஆகாது. சரியான அளவை அறிவதற்கு வன்மை, பீ.எச். ஆகியவற்றைச் சோதிக்கும் துளிமருந்துப் பெட்டியொன்று வாங்குதல் அவசியம். மீனுக்குச் செலவிடும் பணத்திற் சிறு பங்கை இதற்குச் செலவிட மறுப்பவர் மீன் வாங்காதிருத்தலே நன்று.

மழைநீர் இயற்கையான மென்னீர். ஆனால் தனி மழைநீரும் ஏற்றதன்று. சுண்ணாம்பு சிறிதும் இல்லாத நீரில் மீனின் கழிவினால் புளிப்பு ஏறும்போது அதைத் தடுத்து நிறுத்த எதுவுமில்லை, ஓரிரவிலே பீ.எச். பெறுமானம் சடுதியாக வீழ்ந்து மீன்கள் மாளக்கூடும். ஆகையால் இரண்டையுங் கலத்தல் வேண்டும். உதாரணமாக, கரிப்பில்லாத கிணற்று நீரின் வன்மை லீற்றருக்கு 360 மில்லிகிராம் எனக் காணப்பட்டால், அதில் ஒரு பங்கும் மழைநீரில் மூன்று பங்கும் சேர்த்தால் 90 மில்லிகிராம் வரும். ஆரம்ப வளர்ப்புக்கு அது போதுமானது. கலந்த நீரை ஒருநாள் மூடிவைத்து, காற்றுக் குமிழி விட்டு, மறுநாளே பாவித்தல் வேண்டும். குழாய் நீரைக் கலப்பவர் அதிலுள்ள குளோரீன் நீங்கவும் இவ்வாறே ஒருநாள் வைத்தல் தகும்.

இனி மழைநீர் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுவோம். 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். மன்னார் நாட்டின் வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு மழை ஏறத்தாழ 900 முதல் 1,000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்துவிடும். 40 சதுர மீற்றர் கூரையில் 900 மில்லிமீற்றர் பெய்யின் 36,000 லீற்றர். சிந்தியும் வழிந்தும் ஆவியாகியும் போவது காற்பங்கு எனத் தள்ளினாலும் 27,000 லீற்றர் மிஞ்சும். கூரை போதாது என்று எவரும் சொல்லமுடியாது. போதாமலிருப்பது சேமிக்கும் தாங்கியே.

பின்னர் கூறப்படும் அளவான தொட்டிக்குக் கிழமையொன்றுக்கு 150 லீற்றர் நீர் மாற்றுதல் வேண்டும். அதில் ஏறத்தாழ 110 லீற்றர் மழைநீர். தை தொடக்கம் புரட்டாதி வரையுள்ள ஏறக்குறைய 36 கிழமைகளுக்கு இது 4,000 லீற்றராகும். ஐவர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் 250 நாட்களுக்குச் சேமிப்பின் 6,250 லீற்றர் தேவை. இரண்டுஞ் சேர்ந்து 10,000 லீற்றரைக் கடக்கின்றன. வீட்டில் 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்றுமட்டும் உள்ள குடும்பத்தார் அந்நீரைத் தாமே குடித்து, டிஸ்கஸ் வளர்ப்பை இரண்டாவது தாங்கி கட்டும்வரை ஒத்திவைத்தல் வேண்டும். சித்திரையில் இடைமழை பெய்தே தீரும் என்று நம்பித் தொடங்குதல், குளம் நிரம்புமுன் சிறுபோகம் விதைப்பதற்கு ஒப்பாகும். உப்பகற்றும் இயந்திரத்தில் வடித்த நீரை விலைக்கு வாங்கியும் கலக்கலாம். அதுவும் மழைநீர் போன்றதே. ஆனால் கிழமைதோறும் 110 லீற்றர் வாங்குவதற்கு ஆகும் செலவை முதலிற் கணக்கிட்டுப் பார்க்க.

மழைநீர் பிடிக்கும்போது மூன்று விடயங்களைக் கவனிக்க. ஒன்று, சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலிலிருந்து வரும் உப்புத்தூவல் தலைமன்னார்க் கூரைகளிற் படிந்திருக்கும். காகத்தின் எச்சமும் புழுதியும் கூடவே இருக்கும். பருவத்தின் முதல் மழைகளையும், பின்னர் ஒவ்வொரு மழையின் முதற் காற்பங்கு மணி நேரத்து நீரையும் பீலியிலிருந்து வெளியே விட்டுவிடல் வேண்டும். இரண்டு, ஓட்டுக் கூரை நன்று. புதிய நாகத் தகட்டுக் கூரையின் நீரில் நாகம் கரைந்து வருமாதலால் ஓரிரு மாரி கழியும்வரை அதனை மீனுக்குப் பாவித்தலாகாது. செப்புக் குழாயை எங்கும் இணைத்தலாகாது. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தாங்கியின் நீர் சுண்ணாம்பு ஊறிக் காரமாயிருக்கும். பலமுறை நீர் நிரப்பி வெளியேற்றியபின், பீ.எச். அளந்து பார்த்தே அதனை உபயோகித்தல் வேண்டும்.

மூன்றாவது நுளம்பு. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதன்பின் சில மாதங்களுக்குள்ளேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு இசுடிபென்சி என்னும் நுளம்பு நம் நாட்டில் முதன்முறையாக மன்னார்த் தீவிலே கண்டறியப்பட்டது. அது கிணற்றிலும் தாங்கியிலும் பெருகும் இனம். ஆகவே மழைநீர் சேமிக்கும் தாங்கி, பீப்பா, கலவை நீர் வாளி யாவும் நெருங்கிய வலையால் இறுக மூடப்பட்டிருத்தல் கட்டாயம். மீனுக்கு இரையாகட்டும் என்று நுளம்புக் குடம்பிகளை வளர்க்குமாறு சிலர் ஆலோசனை கூறுவர். நம் பகுதியில் அதனைச் செய்யவே கூடாது.

தொட்டி

120 சென்ரிமீற்றர் நீளமும், 45 சென்ரிமீற்றர் அகலமும், 50 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி 270 லீற்றர் கொள்ளும்; விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பினால் ஏறத்தாழ 250 லீற்றர். வளர்ந்த மீனொன்றுக்கு 40 லீற்றர் வேண்டுமாதலின் ஆறு மீன்களுக்கு இது போதும். சிறிய தொட்டியில் தொடங்கிப் பழகுவோம் என்பது தவறான சிக்கனம். சிறிய தொட்டியின் நீர் விரைவிற் பழுதடையும். டிஸ்கஸ் மீன் அதைப் பொறுக்காது.

கண்ணாடி 10 மில்லிமீற்றர்த் தடிப்பு உடையதாயிருக்க வேண்டும். நிரம்பிய தொட்டி கால் தொன்னுக்கு மேற்பட்ட பாரமுடையது. ஆகவே மேசையில் வையாது, சீமெந்துக் கல் அடுக்கிய மேடையிலோ இரும்புச் சட்டத்திலோ நீர்மட்டம் பார்த்து வைத்து, அடியில் தடித்த றெஜிபோம் தகடு ஒன்று விரித்தல் வேண்டும். வெயில் நேரே படாத, அடிக்கடி ஆள் நடமாட்டம் இல்லாத மூலை தகுந்தது. கதவு அடிக்குந்தோறும் வெருண்டு கண்ணாடியில் முட்டுதல் இம்மீனின் குணம்.

அடியில் மணல் இடவேண்டா. வெறுங் கண்ணாடியே நன்று. எச்சமும் இரைமிச்சமும் தெரியும். குழாயால் உறிஞ்சி எடுக்கவும் இலகு. தலைமன்னார்க் கரையில் முருகைக்கல்லும் சங்கும் சிப்பியும் தாராளமாகக் கிடைத்தலின் அவற்றைத் தொட்டியில் வைத்து அழகு பார்க்க மனம் விரும்பும். அவை யாவும் சுண்ணாம்பே. மழைநீர் சேமித்துப் பெற்ற மென்னீரை அவை வன்னீராக மாற்றிவிடும். கடற்கரை மணலிலும் சிப்பித்தூள் கலந்திருக்கும். ஐயமாயின் அதன்மேல் வினாகிரி சில துளி விட்டுப் பார்க்க. நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு உடையது. மேலும், முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தல் சட்டப்படி குற்றம். அழகு வேண்டுவோர் நன்கு ஊறிப் பாரமேறிய பழைய மரவேர் ஒன்றை வைக்கலாம். கொட்டங்காய் மரத்தின் உலர்ந்த பழுப்பிலைகள் இரண்டொன்றை இட்டால் நீர் தேயிலை நிறம்பெற்றுச் சிறிது புளிப்படையும். மீன்களும் அதனை விரும்பும். மருந்து தெளித்த தோட்டத்து ஓரத்து மரத்தில் இலை பறித்தலாகாது.

நீரைச் சுத்திகரிப்பதற்கு மின்சாரக் காற்றுப்பம்பியால் இயங்கும் கடற்பஞ்சு வடிகள் இரண்டு போதும். விலை குறைந்தவை, பழுதடைவதும் அரிது. வெப்பமாக்கி 150 உவாற்று உடையதாய், வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்துவதாய் இருக்க வேண்டும். வெப்பமானி ஒன்று தொட்டியில் எப்போதும் இருத்தல் வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப்பம்பி வைத்திருப்பது நல்லது. அது இல்லாதவிடத்து, ஒரு கோப்பையால் நீரை அள்ளி அரையடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருத்தலும் மீனைக் காப்பாற்றும். சூடான நீர் பிராணவாயுவைக் குறைவாகவே கொள்ளும் என்பதை வைகாசி, ஆனி மாதங்களில் மறக்கலாகாது.

தொட்டியைப் பதப்படுத்தல்

தொட்டி நிரப்பிய அன்றே மீனை விடுதல் ஆரம்பத்தார் மீன்களை இழக்கும் வழிகளுள் முதன்மையானது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது, அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு பற்றீரியா அதனை நைத்திரேற்றாக மாற்றும். அது தீங்கு குறைந்தது. நெல்வயலுக்கு அமோனியச் சல்பேற்று இட்டால் மண்ணில் நிகழ்வதும் இதுவேயாதலின் கமக்காரருக்கு இது புதிய பாடமன்று. வயல் மண்ணில் அப்பற்றீரியாக்கள் ஏற்கெனவே உள்ளன. புதிய தொட்டியில் இல்லை. அவை கடற்பஞ்சில் குடிபுகுந்து பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும்.

அதுவரை நாள்தோறும் மீனுணவு ஒரு சிட்டிகை இட்டு, காற்றுப்பம்பியை இடைவிடாது இயக்கி, அமோனியாவையும் நைத்திரைற்றையும் சோதித்துவருக. இரண்டும் தோன்றி மறைந்து சூனியமான பின்னரே மீன் வாங்கப் புறப்படல் வேண்டும். பழைய தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் பழகிய கடற்பஞ்சொன்று பெற்றால் காலம் பாதியாகும்; அத்தொட்டியில் நோய் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மாத்திரம் அவ்வாறு செய்க. கடற்பஞ்சை அலசும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும். சவர்க்காரமோ குளோரீன் நீரோ பட்டால் பற்றீரியாக்கள் மடிந்து, ஆறு கிழமைப் பாடு வீணாகும்.

மீன் தெரிதல்

ஐந்து அல்லது ஆறு மீன்களை ஒரே முறையில், ஒரே இடத்திலிருந்து வாங்குக. இரண்டு மாத்திரம் வைத்தால் வலியது மெலியதை ஓயாது துரத்தும். கூட்டமாயின் அத்தொல்லை பங்கிடப்படும். 4 சென்ரிமீற்றர்க் குஞ்சுகள் மலிவானவை; ஆனால் அவற்றை நாளுக்கு ஐந்தாறு முறை ஊட்டி வளர்ப்பது தோட்ட வேலையுள்ளவர்க்கு இயலாது. 7 அல்லது 8 சென்ரிமீற்றர் மீன்களே ஆரம்பத்தாருக்கு உகந்தவை.

உடல் வட்டமாயிருக்க வேண்டும். உடலுடன் ஒப்பிடக் கண் பெரிதாய்த் தோன்றினால் அம்மீன் பட்டினியிலோ நோயிலோ வளர்ச்சி குன்றியது. பின்னர் எவ்வளவு ஊட்டினும் தேறாது. உடல் கறுத்து மூலையில் ஒதுங்குவதையும், ஒரு பக்கச் செவுளால் மாத்திரம் சுவாசிப்பதையும், வெண்ணூல்போல் எச்சமிடுவதையும் விலக்குக. விற்பவரைக் கண்முன்னே இரை போடச் சொல்லி, ஓடிவந்து உண்பதைக் கண்டபின் பணம் கொடுத்தல் முறை. மாடு வாங்கும்போது காட்டும் கவனம் இங்கும் வேண்டும். படகில் அனுமதியின்றிக் கொண்டுவரப்படும் மீன்களை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது, அது சட்டவிரோதமானது, நோய் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது.

1990 ஆம் ஆண்டில் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரத சேவை 2015 மார்ச்சில் இறங்குதுறை வரை மீண்டும் தொடங்கியதால், கொழும்பில் வாங்கிய மீனைக் குலுக்கமின்றிக் கொண்டுவருதல் இலகுவாயிற்று. பிராணவாயு நிரப்பிய இரட்டைப் பொலித்தீன் பையில், பையொன்றுக்கு ஒரு மீனாக, றெஜிபோம் பெட்டியில் இட்டுக் கொண்டுவரல் வேண்டும். வந்ததும் விளக்கை அணைத்து, பையைத் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துக. பின்னர் பையைத் திறந்து தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அரை மணி நேரத்துள் மீனை மாத்திரம் எடுத்து உள்ளே விடுக. நெடும்பயணத்தில் பைநீரில் அமோனியா சேர்ந்திருக்கும். பை திறந்தபின் அதன் நஞ்சுத்தன்மை ஏறுமாதலால் மணிக்கணக்காகத் தாமதித்தலாகாது. பைநீரைத் தொட்டியில் ஊற்றலுமாகாது. முதல் நாள் இரை வேண்டா.

இரையும் நாளாந்தப் பராமரிப்பும்

கடைகளில் விற்கும் குறுணல் உணவு அடிப்படையாக இருக்கலாம். அதனுடன் வீட்டில் ஆக்கும் இரையும் கொடுத்தல் நன்று. மன்னாரில் இறாலுக்குக் குறைவில்லை. தோலுரித்த இறாற்சதை இரண்டு பங்கு, கொழுப்பில்லா வெள்ளை மீன்சதை ஒரு பங்கு, அவித்த பசளிக்கீரை சிறிதளவு ஆகியவற்றை நன்னீரிற் பலமுறை கழுவி அரைத்து, கடற்பாசி அகர் காய்ச்சிய கூழுடன் பிசைந்து, மெல்லிய தகடாகப் பரப்பிக் குளிரூட்டியின் உறைபகுதியில் வைத்து, வேண்டியபோது துண்டு துண்டாக நறுக்கி இடலாம். மாட்டிருதயம் அரைத்து இடும் வழக்கமும் உண்டு; அதில் நீர் விரைவில் அழுக்காகும் ஆதலால் ஆரம்பத்தாருக்கு நாம் அதனைச் சிபாரிசு செய்வதில்லை.

இளமீனுக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறையும், வளர்ந்ததற்கு இரண்டு முறையும் போதும். கால் மணி நேரத்தில் உண்டுதீர்க்கும் அளவே இடுக. மிஞ்சியதை அப்போதே குழாயால் எடுத்துவிடல் வேண்டும்.

கிழமையில் இருமுறை, முறைக்கு 75 லீற்றர் வீதம், அடியிலுள்ள அழுக்குடன் நீரை வெளியேற்றிப் புதுக்கலவை நீர் ஊற்றுக. அதன் வெப்பம் தொட்டி நீரினின்றும் ஒரு பாகைக்கு மேல் வேறுபடலாகாது. திகதி, வெப்பம், பீ.எச்., மாற்றிய நீர், இட்ட இரை, செலவிட்ட பணம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவருக. நோய் வந்தபோது ஆலோசகர் முதலிற் கேட்பது இவற்றையே.

நோயும் நஞ்சும்

மீன் கறுத்தாலோ உண்ணாவிட்டாலோ முதலிற் செய்யவேண்டியது நீரைச் சோதித்து, மூன்றிலொரு பங்கு மாற்றுதல். பெரும்பாலான குறைகள் அதனோடு தீரும். வெண்ணூல் எச்சமும் தலையிற் குழிகளும் குடல் ஒட்டுண்ணியின் அடையாளம். செவுளைத் தேய்த்து ஒரு பக்கமாகச் சுவாசித்தல் செவுட் புழுவின் அடையாளம். இவற்றுக்கு மருந்துண்டு, மிருக வைத்தியரையோ நீருயிரின வளர்ப்பு அலுவலரையோ கேட்டே இடல் வேண்டும். புதிதாக வாங்கும் மீனை நான்கு கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பார்த்தபின்னரே பழைய மீன்களுடன் சேர்த்தல் வேண்டும்.

கமக்காரர் வீட்டில் மற்றையோர் வீட்டில் இல்லாத ஓர் அபாயம் உண்டு. அது பூச்சிநாசினி. நெல்லுக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் மருந்துகளுள் பல, சிறப்பாகப் பைரத்திரோயிட்டு வகையின, மனிதனுக்குத் தீங்கு செய்யாத சிற்றளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்குப் பாவிக்கக் கூடாது. மீனுக்கென்று வேறு நிற வாளி வைத்துக்கொள்க. தெளித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றாமல் தொட்டியிற் கையிடலாகாது. காற்றுப்பம்பி அறையின் காற்றையே உறிஞ்சி நீரினுட் செலுத்துகின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நுளம்புச் சுருளோ கொசுமருந்தோ பாவிக்கும் அறையில் அந்நஞ்சு குழாய் வழியே நேராக மீனை அடையும். தொட்டியுள்ள அறையில் நுளம்பு வலையே கட்டிக்கொள்ளல் வேண்டும். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாளில் அப்பக்கத்து யன்னலையும் பீலியின் வாயையும் மூடிவைத்தல் வேண்டும்.

வெளியேற்றும் நீர்

கிழமையில் வெளியேற்றும் 150 லீற்றரை மிளகாய், கத்தரிக் கன்றுகளுக்கு ஊற்றலாம். இது சிறந்த உரம் என்று சிலர் மிகைப்படுத்திக் கூறுவர். கணக்குப் பார்ப்பின், லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள அந்நீர் ஓராண்டு முழுவதும் கொடுக்கும் நைதரசன் ஏறக்குறைய 150 கிராம் யூரியாவிலுள்ளதற்குச் சமம். உரச்செலவு இதனாற் குறையாது. ஆனால் கோடையில் கரிப்பில்லாத நீர் ஆண்டுக்கு 7,800 லீற்றர் என்பது தீவிலே சிறு பொருளன்று. வீட்டுத் தோட்டத்துக் கன்றுகள் இருபது முப்பதைப் பிழைக்கவைக்கலாம். நோய்க்காக உப்போ மருந்தோ இட்ட நீரை மாத்திரம் பயிருக்கு விடாது, கிணற்றுக்குத் தூரமாக ஊற்றிவிடுக.

வளர்த்துச் சலித்த மீனைக் கிணற்றிலோ கட்டுக்கரைக்குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் பெருந்தீங்கு. தொட்டிகளுக்கென வரவழைக்கப்பட்ட கத்திமீனும், தொட்டி துப்புரவாக்கி எனப்படும் சக்கர் மீனும் தப்பிப் பெருகி, நம் நாட்டின் நீர்நிலைகளில் மீன்பிடிப்போருக்குத் தொல்லையாயுள்ளன.

இனப்பெருக்கமும் விற்பனையும்

ஆறு மீன்களை ஓராண்டுக்கு மேல் நன்கு வளர்த்தால் அவற்றுள் ஓரிணை தாமாகவே பிரிந்து ஒரு மூலையைக் காக்கத் தொடங்கும். அவ்விணையை வேறு தொட்டிக்கு மாற்றி, கவிழ்த்த மண்குடுவை ஒன்றை வைத்தால் அதன்மேல் முட்டையிடும். இங்கேதான் மென்னீரின் பயன் முழுதும் தெரியும். வன்னீரில் மீன் வாழ்ந்தாலும் முட்டைகள் பெரும்பாலும் கருக்கொள்ளாது வெண்மையாகிவிடும். முட்டை ஏறத்தாழ மூன்று நாளிற் பொரிக்கும். மேலும் மூன்று நாளிற் குஞ்சுகள் நீந்தும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தந்தை இரண்டின் உடலிலும் சுரக்கும் வழுவழுப்பான பொருளையே மேய்ந்து வளர்கின்றன. பசுவின் மடியைக் கன்று நாடுவதுபோலத் தோன்றும் இக்காட்சி மீனினத்தில் மிக அரிது. குஞ்சுகளை அப்போது பிரித்தால் அவை பிழையா. ஒரு கிழமையின்பின் உவர்நீர் இறாற்குடம்பியை இரையாகப் பழக்கி, மூன்றாங் கிழமையளவில் பிரிக்கலாம். முதலிரு முறை இட்ட முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுதல் வழக்கம். அதுகண்டு இணையை மாற்றவேண்டா.

முதலாண்டில் இதனாற் பணம் வரும் என்று எவரும் கடன்பட்டுத் தொடங்குதல் கூடாது. கையிலுள்ள சிறுதொகையில், ஒரு தொட்டியுடன் தொடங்கி, ஆறு மீன்களும் ஓராண்டு உயிருடனிருக்கக் கண்டபின்னரே இரண்டாவது தொட்டி வாங்குக. அவ்வளவு பொறுக்க இயலாதவர் கப்பி மீனிலிருந்து தொடங்கலாம். அது வன்னீரையும் தாங்கும், மாதந்தோறும் குஞ்சும் ஈனும்.

விற்கும் காலத்தில் குஞ்சுகள் 5 சென்ரிமீற்றரேனும் வளர்ந்திருத்தல் வேண்டும். கொழும்புக்கு அனுப்புவதாயின் முதல்நாள் முழுவதும் இரை நிறுத்தி, புதுநீரில் இட்டு, பையின் மூன்றிலொரு பங்கு நீரும் இரண்டு பங்கு பிராணவாயுவுமாக நிரப்பி, புகையிரதம் புறப்படுவதற்குச் சற்று முன்னரே பைகளைக் கட்டுக. மார்கழி, தை மாத இரவுகளில் பெட்டியின் உட்புறத்தைப் பழைய செய்தித்தாளால் இரண்டு சுற்றுச் சுற்றுதல் வேண்டும்.